இருநூறு வருடம் காத்திருந்த இரத்தக்காட்டேரிக்குப் பல் டொக்டரிடம் நேரம் கிடைக்கவில்லை

மே 3, இரவு

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இரத்தக்காட்டேரிக்குச் சாவு கிடையாது. வருங்காலத்துக்குப் போக அவனுக்கு யந்திரம் ஒன்றும் வேண்டாம், ஒரு மூலையில் பேசாமல் இருந்தாலே வருங்காலம் வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவனை நாயகனாக வைத்து எழுதிய காதல் நாவலுக்குள் காலப்பயணத்தையும் எதற்காகக் கொண்டுவர வேண்டும்? சிரிக்க வைக்க எழுதிய புத்தகம்தானே, கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்வது இதுதான்: இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தக் காதல் நெஞ்சில் நிற்கிறது, சிரிப்பும் அங்கிருந்துதான் வருகிறது.

புத்தகம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் மச்சாள் ஒரு சின்ன விடுதி நடத்துகிறார். ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் வெள்ளைக்காரர்கள் வந்து போவார்கள், போகும்போது பையின் பாரத்தைக் குறைக்க வாசித்து முடித்ததை விட்டுவிட்டுப் போவார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் கலந்து கிடக்கும் அந்த அலமாரியில்தான் இது இருந்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லை, ஆகவே தலைப்பையும் எழுதியவர் பெயரையும் என்னிடம் கேட்க வேண்டாம். கதை முழுசாக இருக்கிறது, அது போதும்.

மே 4, காலை

கதை என்னவென்று கேட்டவர்களுக்கு. நாயகி லண்டனில் பல் டொக்டர். 2016 ஜூன் மாதம் விடுமுறைக்கு ஜெனீவா ஏரிக்கரைக்குப் போகிறாள், மழைக்கு ஒதுங்க ஒரு பழைய வீட்டின் பின்கதவைத் திறக்கிறாள், உள்ளே 1816. அங்கேயும் மழைதான். உள்ளே ஒருத்தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பிரபு கிடையாது, கோட்டை கிடையாது, ஒரு மதுக்கடைக்கு இரவில் கணக்கு எழுதுகிறவன். இரத்தக்காட்டேரிதான், ஆனால் வேட்டைப்பல் ஒன்று உடைந்துவிட்டது. எப்படி உடைந்தது என்பதுதான் முதல் பெரிய சிரிப்பு. அந்தக் காலத்து ஆண்கள் கழுத்தில் கஞ்சி போட்டு விறைத்த துணியைச் சுற்றுச் சுற்றென்று சுற்றி, காது மடல் வரைக்கும் உயர்த்தி, ஊசி குத்தி வைத்திருப்பார்கள். இவன் ஒருத்தன் கழுத்தில் வாய் வைக்க, பல் போய் ஊசியில் பட்டுவிட்டது. அந்த உடை மோகத்துக்குப் பேர்போன லண்டன்காரர் பிரம்மெல் 1816 மே மாதம் கடன் தொல்லை தாங்காமல் பிரான்சுக்கு ஓடிப்போனது உண்மையாக நடந்தது. நாவலில் அந்தச் செய்தி ஏரிக்கரைக்கு வந்ததும் நம்மவன் ஒரு மெழுகுதிரி ஏற்றிக் கொண்டாடுகிறான்.

அவள் பல்லைச் சரி செய்கிறாள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது. வானம் வெளிக்கத் தொடங்கியதும் கதவு மூடப்போகிறது, அவள் திரும்ப வேண்டும். கைப்பையில் கிடந்த நோயாளிச் சீட்டு ஒன்றில் 2016 ஜூன் மாதத்து ஒரு நாளையும், பின்னேரம் நாலரை என்றும் எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு அது மூன்று கிழமை கழித்து. அவனுக்கு இருநூறு வருடம். அவன் பொறுமையாக இருந்து அந்த நாளும் வருகிறது. ஆனால் வெயில் பட்டால் அவன் எரிந்துவிடுவான், லண்டனில் ஜூன் மாதம் சூரியன் ஒன்பது மணி தாண்டித்தான் மறையும். கிளினிக்கை ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் உடனே தொண்டை அடைத்தது. இரண்டும் ஒரே பக்கத்தில்.

மே 4, பின்னேரம்

தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள், வீட்டில் வைத்து வாசிக்கலாமா என்று. வாசிக்கலாம். கழுத்தில் முத்தம் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதுவும் பல் ஆறிய பிறகுதான்.

மே 6, இரவு

மட்டக்களப்பிலிருந்து எழுதிய அண்ணா, பேய்க்கதையில் சிரிப்பு வந்தால் பயம் போய்விடும், பயம் போனால் பேய் எதற்கு என்கிறார். வெள்ளைக்காரர் பேயைக் கேலிப் பொருளாக்கிவிட்டார்கள், நமக்கு அது பழக்கமில்லை என்றும் சொல்கிறார். அண்ணா, நமக்கா பழக்கமில்லை? கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். முதலாம் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைப் பாட வந்த செயங்கொண்டார், பாட்டில் பெரும்பங்கைப் பசித்த பேய்களுக்குக் கொடுத்துவிட்டார். போர்க்களத்தில் அவை கூழ் சமைக்கும் பகுதியை ஏ.எல். வகுப்பில் வாசித்தபோது முழு வகுப்பும் சிரித்தது. சமையலுக்கு முன் பேய்கள் பல் விளக்க வேண்டும். யானைக் கொம்பு பற்குச்சி, யானையின் விலா எலும்பு நாக்கு வழிக்க. குருட்டுப் பேய்க்குக் கூழ் வார்க்கிறார்கள், ஊமைப் பேய்க்கும் வார்க்கிறார்கள். கொதிப்பது முழுக்க இரத்தமும் நிணமும். வாசிக்கிறவனுக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கிற நேரத்திலேயே களத்தில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

இன்னொன்று. தொல்காப்பியம் நகைக்கு நாலு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நாவலில் எள்ளல் மிகக் குறைவு. இவனைப் பார்த்து யாரும் ஏளனமாகச் சிரிப்பதில்லை. சிரிப்பு வருவது அவனுடைய பேதைமையால், அதாவது உலகம் மாறிக்கொண்டே இருப்பதும் அவன் ஒரு படி பிந்தியே இருப்பதும். இரவுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து தந்தி அடிக்கப் படித்து முடிக்கிறான், தொலைபேசி வந்துவிடுகிறது. இரத்தத்தை ருசியால் நாலு விதமாகப் பிரித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான், இதை வெளியிட்டால் பெயர் வருமா என்று பல வருடம் யோசிக்கிறான், 1901இல் லாண்ட்ஸ்ரைனர் என்ற ஆஸ்திரிய வைத்தியர் இரத்த வகைகளைக் கண்டுபிடித்து எழுதிவிடுகிறார். அதில் மூன்றுதான் இருந்தது, நாலாவது எங்கே என்று நம்மவன் அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போடுகிறான். நாலாவதை அடுத்த வருடம் வேறு ஆட்கள் கண்டுபிடித்ததும் உண்மை. இப்படி உண்மைச் சம்பவங்களின் ஓரத்தில் அவனை நிறுத்தி வைத்திருப்பது எனக்கு நிரம்பப் பிடித்தது.

மே 7, காலை

வெயில் பட்டால் இரத்தக்காட்டேரி எரிந்துவிடும் என்பது அடிப்படை விதி, அதை நாவல் எப்படிச் சமாளிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். இது நல்ல கேள்வி, ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

முதலில், அது அவ்வளவு பழைய விதி கிடையாது. 1897இல் வந்த டிராகுலா நாவலில் அந்த இரத்தக்காட்டேரிப் பிரபு லண்டன் தெருவில் பட்டப்பகலில் நிற்பார், பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். வெளிச்சம் பட்டு மறைந்துபோவது 1922இல் வந்த நொஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் ஊமைப்படத்தின் முடிவு, அதற்குப் பிறகுதான் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த நாவல் அந்த விதியை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்டுதான் 1816ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் கந்தகப் புகை மேல் வானத்தில் பரவிச் சூரியனை மங்க வைத்தது, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர் அழிந்தது, சனம் பட்டினி கிடந்தது. அந்த மழைக்கு வெளியே போக முடியாமல்தான் ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும், ஷெல்லியின் காதலி மேரியும் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பைரனின் வைத்தியராகக் கூட வந்த போலிடோரி என்ற இளைஞர் எழுதிய இரத்தக்காட்டேரிக் கதை 1819இல் அச்சானது. நவீன இரத்தக்காட்டேரியின் பிறப்பே அந்த வீட்டில், அந்த இருண்ட கோடையில்.

நாவல் செய்வது என்னவென்றால், அந்த வருடம் நம்மவன் பகலில் நடமாட முடிகிறது. பல தலைமுறைக்குப் பிறகு காலையில் கடைக்குப் போய்ப் பாண் வாங்குகிறான், சாப்பிட முடியாது, ஆனால் வாங்குகிறான். பாணின் விலை ஏறிக்கிடக்கிறது, வரிசையில் நிற்கும் ஏழைச் சனத்தைப் பார்த்ததும் வாங்கியதைக் கொடுத்துவிடுகிறான். அவளை அவன் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அந்தக் கோடையில்தான். மற்றவர்களுக்குப் பஞ்ச வருடம், இவனுக்கு வாழ்நாளிலேயே நல்ல வருடம், அந்தக் குற்ற உணர்ச்சியை நாவல் மறைக்கவில்லை.

மே 7, சற்றுப் பிறகு

சூரிய அஸ்தமனப் பகிடி திருகோணமலையில் பிறந்தவர் எழுதியிருக்கவே முடியாது. இங்கே வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். நம்மவன் இங்கே பல் காட்ட வந்திருந்தால், பெரிய கடை வீதிப் பக்கம் இரவு எட்டு மணிக்கும் டொக்டர் இருப்பார்.

மே 9

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா நிஜத்திலேயே பல் டொக்டர். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார், இப்போது புத்தகத்தின் ஓரமெல்லாம் அவர் குறிப்புகள்.

மேல் வேட்டைப்பல்லுக்குத்தான் வாயிலேயே நீளமான வேர், அது லேசில் ஆடாது, முனை உடைந்தால் உள்ளே நரம்பு தெரியும், அந்த வலியை வர்ணித்திருப்பது சரி என்கிறார். 1816இல் மயக்கமருந்து இல்லை. ஈதர் கொடுத்து சத்திரசிகிச்சை செய்யலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டியது 1846இல், பொஸ்டன் நகரில். ஆகவே அவள் கராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைக்கிறாள். அவன் அதை இரத்தக்காட்டேரிக்கு ஆகாத உள்ளிப்பூண்டுச் சாறு என்று நினைத்து அலமாரிக்குமேல் ஏறிவிடுகிறான். கராம்பெண்ணெயை இன்றும் பல் வைத்தியத்தில் பாவிக்கிறார்கள், அந்த இடத்தில் அக்கா சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டான்.

ஆனால் அக்கா அமைதியான இடம் வேறு. ஊர் வைத்தியன் ஒருவன் பொய்ப்பல் கட்டித் தருவதாகச் சொல்லி ஒரு பெட்டியைத் திறக்கிறான். உள்ளே வாட்டர்லூ பற்கள். 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் இறந்துகிடந்த பெடியன்களின் வாயிலிருந்து பிடுங்கி, பணக்காரருக்குப் பொய்ப்பல் செட்டாகக் கட்டினார்கள், இதுவும் நடந்த விஷயம். இரத்தம் குடித்து வாழ்கிறவன் அந்தப் பெட்டியை மூடி, “இது என்னால் முடியாது” என்கிறான். அதற்கு மேல் ஒரு வசனமும் இல்லை. மருத்துவக் கதையாகவே இந்த அத்தியாயம் நிற்கும் என்று அக்கா சொல்கிறார்.

மே 12, இரவு

முதல் நாள் கேட்ட கேள்விக்கு இன்னும் கொஞ்சம். காத்திருப்பது நம் இலக்கியத்தில் பெண்ணின் வேலை. முல்லையில் இருப்பது அவள், பாலையில் போவது அவன். அவர் போன நாட்களைச் சுவரில் கோடு போட்டு, அதைத் தொட்டுத் தொட்டு எண்ணியதில் விரல் தேய்ந்துவிட்டது என்று வள்ளுவர் சொல்வதும் பெண்ணின் விரலை. இந்த நாவலில் போகிறவள் அவள், இருக்கிறவன் அவன். அவளுக்கு மூன்று கிழமை, சூட்கேசைக்கூட முழுசாகப் பிரித்து அடுக்கவில்லை. அவன் நாள் எண்ணி, மாதம் எண்ணி, பிறகு அரசர்களை எண்ணுகிறான்.

அறுபது வருடம் போன பிறகு ஒரு இரவு அவள் முகம் ஞாபகம் வரவில்லை. குரலும் போய்விட்டது. சீட்டு மட்டும் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் பல் விளக்கும் முறையை ஒவ்வொரு இரவும் வாசிக்கிறான், ஏனென்றால் அவளோடு சம்பந்தப்பட்ட எழுத்து அது ஒன்றுதான். இந்த இடத்தைச் சிரித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினேன், முடிக்கும்போது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

எங்கள் அப்பா கட்டாரில் வேலை செய்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனார். கசட்டில் பேசிப் பதிந்து அனுப்புவார், அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். வந்து நின்றபோது அவர் சொன்ன பகிடிகள் எல்லாம் நாங்கள் சின்னதில் விழுந்து விழுந்து சிரித்தவை. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நாங்கள் அன்றைய உயரத்திலேயே நின்றிருக்கிறோம். கிளினிக் வாசலில் குடையோடு, கையுறையோடு, கம்பளிப் போர்வையோடு நிற்பவனிடம் அவள் மூன்று கிழமைக்கு முந்திய ஒரு பகிடியைத் தொடர்ந்து சொல்ல, அவன் விளங்காமல் விழித்து, பிறகு மரியாதைக்குச் சிரிக்கிறான். நான் அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன், அம்மாவின் முகத்தில். பிறகு அம்மா அந்தப் பகிடிகளை அப்பாவிடம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு, இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கப் பழகினார்கள். நாவலிலும் அதுதான் நடக்கிறது.

மே 13

இருநூறு வருடம் அவன் என்ன குடித்தான்? இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள், எனக்கும் இது உறுத்துகிறது. இறைச்சிக்கடையில் இரவுக் காவல் வேலை என்று ஒரு அத்தியாயம் சொல்கிறது. அதற்கு முன்னால்? ஊசி குத்தியிருந்த அந்தக் கழுத்துக்காரன் பிழைத்தான், மற்றவர்கள்? நாவல் இங்கே கண்ணை மூடிக்கொள்கிறது. அவ்வளவு நேர்மையாக வாட்டர்லூ பெட்டியைத் திறந்து காட்டியவர் இதையும் கேட்டிருக்க வேண்டும். அவள் ஒரு தடவையாவது அவனிடம் நேராகக் கேட்டிருந்தால் எனக்கு இந்தக் காதலில் இன்னும் நம்பிக்கை வந்திருக்கும். இது புத்தகத்தின் பெரிய குறை.

மே 16, பின்னேரம், கச்சான் காற்று அடிக்கிறது

அவன் காத்திருந்த காலத்தில் ஒரு பகுதியை இங்கே கழித்திருந்தால் என்ற யோசனை விடமாட்டேன் என்கிறது. மூதூர்த் தம்பி ஒருவர் கப்பலைப் பற்றி எழுதியதில் தொடங்கியது இது. பிரித்தானியக் கடற்படைக்காக பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய கப்பலுக்கு எங்கள் ஊரின் பெயர்தான், எச்.எம்.எஸ். திருகோணமலை. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்றைக்கும் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கிறது. நம்மவன் காத்திருக்கத் தொடங்கியதற்கு அடுத்த வருடம் பிறந்த கப்பல், அவனைப்போலவே இருநூறு வருடம் தாண்டி இருக்கிறது. இருவரையும் ஒரு இரவு சந்திக்க வைத்திருக்கலாமே!

வாட்டர்லூவுக்கும் எங்களுக்கும் தொடர்பு உண்டு. அந்தப் போரை வென்ற பிரித்தானியத் தளபதி வெலிங்டன், வெறும் ஆர்தர் வெல்லஸ்லியாக இருந்த காலத்தில், 1800ஆம் ஆண்டுக் கடைசியில் இங்கே வந்து தங்கியிருந்தார். பிரெட்ரிக் கோட்டைக்குள் அவர் பெயரில் ஒரு வீடு இன்னும் நிற்கிறது, கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மான்களைத் தாண்டிப் போனால் வரும். காலத்தில் மாட்டிக்கொண்டவர் என்றால் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி இருக்கிறார். 1660இல் பக்கத்துக் கொட்டியாரத்தில் இறங்கிக் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல்தான் தப்பினார். வருங்காலத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கற்பனை செய்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்தார். நம்மவன் இங்கே இருந்திருந்தால் கடலுக்குள் பகல் பொழுதைக் கழித்திருக்கலாம், வெயில் எட்டாது, மூச்சும் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான்காரர் குண்டு போட்டபோதும், சீனன்குடா எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தபோதும் அந்தத் தூண்களுக்கிடையில் படுத்திருப்பான். யாராவது இதை எழுதுங்கள். எழுதினால் நான் வாசிப்பேன், அக்காவும் பென்சிலோடு வாசிப்பார்.

மே 20, இரவு

முடிவைச் சொல்லப் போகிறேன், வாசிக்க இருப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போங்கள்.

கதவு இன்னொரு தடவை திறக்கும் என்று அவளுக்குத் தெரியவருகிறது. அவள் 1816க்குப் போய் அங்கேயே இருந்துவிட்டால் அவன் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காத்திருக்காதவன் இவன் ஆகமாட்டான். தந்தி படித்தவன், கொப்பி எழுதியவன், முகம் மறந்த பிறகும் சீட்டை வைத்திருந்தவன் எல்லாம் இல்லாமல் போவான். அவள் காதலிப்பது எவனை? 1816இல் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தவனையா, குடையோடு வந்து நின்றவனையா? இரண்டு பேரும் ஒருத்தன்தான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகாமல் முப்பது பக்கம் அவளைத் தடுமாற விடுகிறார் ஆசிரியர்.

கடைசியில் ஒரு பின்னேரத்துக்கு மட்டும் போகிறாள். போய், ஜூன் மாதத்துச் சீட்டு சரிவராது என்று புதுச் சீட்டு ஒன்று கொடுக்கிறாள்: டிசம்பர், பின்னேரம் நாலரை. அந்த மாதம் லண்டனில் நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், குடை வேண்டாம், போர்வை வேண்டாம். நானும் அப்போது பயந்தேன், டிசம்பரில் வந்தால் ஜூன் மாதச் சந்திப்பு அழிந்துபோகுமே என்று. அவள் திரும்பி வந்து அவனிடம் அதைக் கேட்கிறாள். அவன் சட்டைப்பையிலிருந்து இரண்டு சீட்டையும் எடுத்து வைக்கிறான். தொடக்கத்திலிருந்தே இரண்டும் அவனிடம் இருந்திருக்கிறது. டிசம்பர் வரைக்கும் பொறுக்க முடியாமல் ஜூனிலேயே வந்துவிட்டான்.

இருநூறு வருடம் பொறுத்தவனுக்கு அந்த ஆறு மாதம் முடியவில்லை!

வாசலில் நிற்கும் காட்சியைத் திரும்பப் போய் வாசித்தேன். மே 4இல் அதைப் பாவம் ஒருத்தன் நேரத்தில் மாட்டிக்கொண்ட பகிடியாக எழுதியிருந்தேன். இப்போது பார்த்தால் அந்தக் காட்சி முழுக்க அவன் ஒரு கை சட்டைப்பைக்குள்தான் இருக்கிறது, அவள் மன்னிப்புக் கேட்கும்போது ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிறான். எல்லாம் முதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. நடந்ததை யாரும் மாற்ற முடியாது, போனவள் செய்ததும் ஏற்கெனவே நடந்ததற்குள் அடங்கிவிடும் என்று நொவிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி சொன்ன கொள்கைக்குள் இது சரியாகப் பொருந்துகிறது.

மே 22

அண்ணா திரும்பவும் வந்து, அப்படியானால் காலப்பயணம் ஒன்றையும் மாற்றவில்லையே, பிறகு என்ன பயன் என்கிறார். அவளுக்குத் தெரிந்துவிட்டதே அண்ணா. தன்னைப் பார்க்க வெயிலில் வந்தவன் வராமலும் இருந்திருக்கலாம் என்று தெரிந்துவிட்டது. அவன் வாயால் சொல்லியிருக்கமாட்டான், அவள் போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வரும் அந்த ஒரு முத்தத்தை வேறு எப்படி எழுதினாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

புத்தகம் கேட்டவர்களில் மூதூர்த் தம்பிக்கு முதலில் அனுப்புகிறேன், சனிக்கிழமை ஒருவர் கையில் வரும். வாசித்துவிட்டு மட்டக்களப்பு அண்ணாவுக்குக் கொடுங்கள். ஓரத்தில் இருக்கும் பென்சில் குறிப்புகளை அழிக்க வேண்டாம், அக்கா திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறார், மச்சாளுக்கும் சீசன் முடிவதற்குள் அலமாரியில் வேண்டுமாம்.